வீட்டுப் பிராணிகள்: கேள்வி - பதில்

செங்கோட்டை வாசகி: ஆரியங்காவு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வருஷக்கணக்காகச் சங்கிலியில் கிடந்த பெண் லேப்ரடாரை மீட்டு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். ஏழு வயது இருக்குமாம். எடை 22 கிலோ. ‘நன்றாகத் தேறிவிட்டது, கூட்டிப் போங்கள்’ என்கிறார்கள். எடுக்கலாமா?

தாராளமாக எடுக்கலாம். லேப்ரடார் பொதுவாக 10, 12 வயது வரை இருக்கும். நல்ல வருஷங்கள் இன்னும் பாக்கி இருக்கின்றன. ஆனால் முடி முளைத்து சதை பிடித்ததை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதலில் தடுப்பூசிப் புத்தகத்தைக் கேளுங்கள். ஊசி மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும், தேதியும், டாக்டர் கையெழுத்தும் இருந்தால்தான் கணக்கு. வெறும் வாய்ச்சொல் என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு மறுபடி போடுங்கள். சாரல் காலத்தில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் பரவும். அதற்கு 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருஷத்துக்கு ஒன்று.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. இதை விட்டுவிடவே கூடாது. உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் எர்லிக்கியா கிருமி வெளியே எதுவும் காட்டாமல் மாதக்கணக்கில் உடம்பில் பதுங்கியிருக்கும். ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வழக்கமான மருந்து டாக்ஸிசைக்ளின், 28 நாள். பத்தே நாளில் நாய் துள்ளத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கிருமி மிச்சமிருந்து நோய் திரும்ப வருகிறது. கையோடு சிறுநீரகம், ஈரல் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள்.

நீங்களே பார்க்கக்கூடியதும் உண்டு. உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் இளஞ்சிவப்பாக வேண்டும். ஆறிய சங்கிலித் தழும்பு இருந்தால் கழுத்துப் பட்டையை இழுத்து நடத்தாதீர்கள்; மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ்தான் சரி. மடிக்காம்பு வரிசையை விரலால் தடவிக் கட்டி இருக்கிறதா பாருங்கள். கருத்தடை ஆகவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். இந்த வயதுப் பெண் நாய்க்குப் பருவம் வந்து போன சில வாரங்களில் கருப்பையில் சீழ் பிடிக்கலாம். சோர்ந்து படுத்துக்கொண்டு குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

புளியரை வாசகர்: பட்டினி கிடந்து மீண்ட நாய். எவ்வளவு போட்டாலும் பறக்கிறது. தட்டுக்குப் பக்கத்தில் போனால் உறுமுகிறது.

பாவம் என்று மூக்குமுட்டப் போடாதீர்கள். அளவுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு கிலோவும் வயதான மூட்டின் மேல்தான் உட்காரும். 22 கிலோ எடையுள்ள நாய் என்றால் நாளைக்குச் சுமார் 1,000 கலோரி போதும். பாக்கெட் தீவனமாக இருந்தால் ஏறக்குறைய 280 கிராம், மூன்று வேளையாகப் பிரித்து. வீட்டுச் சாப்பாடு என்றால் 400 கிராம் சோறு, எலும்பில்லாத வேக வைத்த கோழி 200 கிராம், ஒரு முட்டை, ஒரு கை பூசணிக்காய். உப்பு, வெங்காயம், பூண்டு வேண்டாம். இதில் கால்சியம் போதாது. டாக்டரிடம் கேட்டுத் தாது உப்புப் பொடி சேருங்கள். வேக வைத்த எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும். உள்ளங்கையால் தடவினால் விலா எலும்பு கைக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்குத் துருத்தக் கூடாது.

எலும்பும் தோலுமாக இப்போதுதான் மீட்ட நாய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து இதயமே நின்றுவிடலாம். முதல் நாள் தேவையில் கால் பங்கை ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுத்து, டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

உறுமலுக்கு அடிக்காதீர்கள். உறுமுவது எச்சரிக்கை, அதை அடித்து அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். தட்டில் கை வைக்காமல் தள்ளி நின்று ஒரு துண்டு கோழியைத் தூக்கிப் போட்டுவிட்டு நகருங்கள். ஆள் வந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று பழகட்டும். அதுவரை குழந்தைகள் அந்தப் பக்கம் போக வேண்டாம். கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

களியக்காவிளை வாசகி: சங்கிலியில் கிடந்து மீட்ட நாய் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. டைல்ஸில் கால் வைக்கவே நடுங்குகிறது. வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போகிறது.

மண்ணிலும் சங்கிலியிலுமே வாழ்ந்த நாய்க்கு வழுக்கும் தரை, மின்விசிறி, குக்கர் விசில் எல்லாமே புதுசு. கட்டிலுக்கு அடியில் இருப்பதை இழுத்து வெளியே கொண்டுவராதீர்கள், கொஞ்சவும் போகாதீர்கள். முதல் மூன்று வாரம் விருந்தாளி வேண்டாம். கட்டிலிலிருந்து வாசல் வரை சாக்கையோ கயிற்று மிதியடியையோ வரிசையாக விரித்துப் பாதை போட்டுக் கொடுங்கள். பிடிமானம் கிடைத்தால் பாதி பயம் போய்விடும். பக்கத்தில் உட்காரும்போது முகத்தைத் திருப்பி, பக்கவாட்டில் உட்காருங்கள். நேருக்கு நேர் பார்ப்பது நாய்க்கு மிரட்டல்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணி நேரத்திலும், இரவு படுக்கும் முன்பும் ஒரே வாசல் வழியாக ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். மூத்திரம் போனதும் அங்கேயே ஒரு துண்டு தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் போன இடத்தைத் தண்ணீர் கலந்த வினிகரால் துடையுங்கள். பினாயில் வேண்டாம், பாதத்தில் ஒட்டியதை நக்கி வயிற்றுக்குள் சேர்த்துக்கொள்ளும். முதல் மாதம் வெளியே போகும்போது ஹார்னஸில் ஒரு கயிறு, பட்டையில் ஒரு கயிறு என்று இரண்டு மாட்டுங்கள். மிரண்ட நாய் பின்னுக்கு இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். பட்டையில் போன் நம்பர் இருக்கட்டும்.

பாறசாலை வாசகர்: கோயில் உற்சவத்தில் வெடிவழிபாடு நடக்கும்போது என்ன செய்வது?

பொழுது சாய்வதற்குள் வெளியே கூட்டிப் போய் வந்துவிடுங்கள். பிறகு உள் அறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து, கூடவே யாராவது இருங்கள். முந்தின வருஷம் ரொம்பவே பயந்த நாய் என்றால் உற்சவத்துக்கு ஒரு வாரம் முன்பே டாக்டரைப் பாருங்கள். பயத்தைத் தணிக்கும் மாத்திரை உண்டு. அதை வெடி தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் தூக்க மாத்திரை, பாரசிட்டமால், இபுப்ரோஃபென் எதையும் கொடுக்காதீர்கள்.