நலமாக இருப்பவருக்கு எதற்கு மூளை எம்.ஆர்.ஐ.?

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான், வயது 68. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். மறதி ஏதும் இல்லை. நலமாக உள்ள முதியவர்களின் 'இரத்த-மூளைத் தடுப்பு' பற்றிய ஆய்வில் சேரும்படி கோவையிலிருந்து அழைத்திருக்கிறார்கள். ஊசி மருந்து செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுப்பார்களாம். எனக்கு மறதிநோய் வருமா என்பது அதில் தெரிந்துவிடுமா? ஊசியால் கெடுதல் உண்டா?

பதில்: அன்புள்ள அம்மா, முதல் கேள்விக்கு விடை, அதில் தெரியவராது என்பதே. எதிர்காலத்தைச் சொல்லும் பரிசோதனை என்று எண்ணிக்கொண்டு நீங்கள் மலையிறங்க வேண்டாம்.

1885-இல் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் செலுத்தியபோது, மற்ற உறுப்புகளெல்லாம் நிறம் ஏறியும் மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளையின் நுண்குழாய்ச் சுவரில் உள்ள செல்கள் இடைவெளியின்றி ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதே அதற்குக் காரணம் என்பது 1960-களில் மின்னணு நுண்ணோக்கியில்தான் தெளிவாகப் புலப்பட்டது. சர்க்கரையையும் ஆக்சிஜனையும் உள்ளே விட்டு, வேண்டாதவற்றைத் தடுக்கும் இந்த அமைப்பைத்தான் இரத்த-மூளைத் தடுப்பு என்கிறோம்.

நம் மலையில் தேயிலைச் சரிவுகளைத் தாங்கி நிற்கும் தடுப்புச்சுவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் சில சுவர்களின் கல் இடுக்குகளில் ஈரம் கசியும்; கசிந்த சுவரெல்லாம் சரிந்துவிடுவதில்லை, ஆனால் எந்தச் சுவரில் எவ்வளவு கசிவு இயல்பு என்று தெரியாமல் எது மிகை என்று சொல்லவும் முடியாது. உங்களைப் போல் நலமாக இருப்பவர்களை அழைப்பது இதற்காகத்தான். வயது கூடும்போது, நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் இரத்த-மூளைத் தடுப்பின் கசிவு கூடுவதாகவும், லேசான மறதி உள்ளவர்களிடம் அது இன்னும் மிகுவதாகவும் 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு தெரிவித்தது. நோயாளியிடம் காணும் கசிவில் வயதின் பங்கு எவ்வளவு, நோயின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய, அதே வயதுள்ள நலமானவர்களின் அளவு வேண்டும்.

அளக்கும் முறை நுட்பமானது. கடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்தை இரத்தக் குழாய் வழியே செலுத்திவிட்டு, பல நிமிடங்கள் தொடர்ந்து படமெடுத்து, இரத்தத்திலிருந்து மூளைத் திசுவுக்குள் அது எவ்வளவு மெதுவாகச் சேர்கிறது என்று கணக்கிடுவார்கள். நலமான மூளையில் சேரும் அளவு மிக மிகச் சிறிது. நீங்கள் தலையைச் சற்று அசைத்தாலும், கருவியின் அளவீடு லேசாக நகர்ந்தாலும் கணக்கு மாறிவிடும். எனவே பலரின் அளவுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது பொருள்படும் இந்த எண், தனி ஒருவரின் நோயைக் கணிக்க இன்று பயன்படாது. ஊசியே இல்லாமல், இரத்தத்தில் உள்ள நீர் மூலக்கூறுகளைக் காந்தத்தால் குறியிட்டு, அவை சுவரைக் கடக்கும் வேகத்தை அளக்கும் முறைகளும் வளர்ந்து வருகின்றன. உங்கள் ஆய்வில் அதற்கு இடமுண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

ஊசியைப் பொறுத்தவரை, சிறுநீரகம் நன்றாக இருந்தால் பெரிய அச்சம் தேவையில்லை. குமட்டல் சிலருக்கு வரலாம்; கடும் ஒவ்வாமை அரிது. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்குத் தோல் தடித்து இறுகும் நோய் இம்மருந்தால் வரக்கூடும் என்பது 2006-இல் தெரியவந்தது. இரத்த அழுத்தம் உள்ள நீங்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை செய்துகொண்ட பிறகே சம்மதிக்க வேண்டும். கடோலினியம் சிறிதளவு மூளையில் தங்குவதாக 2014 முதல் ஆய்வுகள் காட்டின. அதனால் தீங்கு விளைந்ததாக இதுவரை நிறுவப்படவில்லை. இருந்தாலும், நோயில்லாதவருக்குச் செலுத்துவதால் குறைவாகத் தங்கும் வளைய வடிவ மூலக்கூறு மருந்தைத்தான் பயன்படுத்துகிறார்களா என்று கேட்பது உங்கள் உரிமை. பேஸ்மேக்கரோ, மூளை இரத்தக்குழாயில் கிளிப்போ, கண்ணில் இரும்புத் துகளோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இவற்றைவிட நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. இந்த வயதில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் வெண்புள்ளிகள் போன்ற ஏதாவது தென்படுவது சாதாரணம். ஊசியைத் தாங்கிக்கொண்டவர்கள்கூட அந்த அறிக்கையைப் படித்து மாதக்கணக்கில் தூக்கம் தொலைப்பதுண்டு. எதிர்பாராமல் ஏதாவது தெரிந்தால் யார், எப்படிச் சொல்வார்கள் என்பதைச் சம்மதப் படிவத்தில் பார்த்த பின்பே கையெழுத்திடுங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் பெற்ற ஆய்வா என்று கேளுங்கள். பரிசோதனைக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை, எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

மேட்டுப்பாளையம் வளைவுகளில் தலைசுற்றி இறங்கிய கையோடு கருவிக்குள் படுக்காமல், முதல்நாளே போய்த் தங்குங்கள். அழுத்த மாத்திரையை அன்று காலையும் வழக்கம்போல் எடுத்துக்கொள்ளலாம்.