சார்ஜரை விடுங்கள், கீசரைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மதுரையில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. சுற்றுச்சூழல் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவள். கரண்டைச் சிக்கனமாகச் செலவழிக்க என்னால் ஆனதைச் செய்கிறேன். ஆளில்லாத அறையில் விளக்கு எரிய விடமாட்டேன். செல்போன் சார்ஜரை மறக்காமல் பிளக்கிலிருந்து கழற்றி வைப்பேன். சமைக்கும்போது எனக்கு ஒருத்திக்குத்தானே என்று ஃபேன்கூடப் போடுவதில்லை. அப்படியும் போன தடவை 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது. வீட்டில் நான்கு பேர். இரண்டு ஏசி, கீசர், போர் மோட்டார் உண்டு. "கல்யாண மண்டபத்துல ஒரு ராத்திரி எரியிற சீரியல் லைட்டுக்கு நம்ம வீட்டுச் சிக்கனம் எந்த மூலைக்கு?" என்கிறான் மகன். நான் செய்வதால் பூமிக்கு ஏதாவது பயன் உண்டா, இல்லை என் மனத்திருப்திக்குத்தானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள அம்மா,

பயன் உண்டு. ஆனால் நீங்கள் படுகிற பாட்டுக்கு உரிய பயன் கிடைக்கவில்லை. உங்கள் அக்கறை முழுவதும் மிகக் குறைவாகச் செலவாகும் இடத்தில் போய் நிற்கிறது.

சார்ஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். போன் மாட்டாமல் சும்மா தொங்கும் சார்ஜர் அரை வாட்கூட இழுக்காது. இரண்டு மாதம் கழற்றாமல் விட்டாலும் ஒரு யூனிட் ஆகாது. 25 லிட்டர் கீசர் ஒரு முறை முழுக்கச் சூடாக ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகிறது. நான்கு பேர் குளிக்கத் தினமும் இரண்டு முறை சூடானால் ஒரு பில்லில், அதாவது இரண்டு மாதத்தில், 120 யூனிட். நீங்கள் ஓடி ஓடி அணைக்கும் 9 வாட் எல்இடி பல்பு தினம் ஆறு மணி நேரம் எரிந்தால் அதே இரண்டு மாதத்தில் மூன்றேகால் யூனிட்தான். எல்லோரும் 60 வாட் குண்டு பல்பு போட்டிருந்த காலத்தில் விளக்கை அணைப்பது பெரிய சிக்கனம். இன்றைக்குச் செலவெல்லாம் சூடாக்குவதிலும் குளிர வைப்பதிலும் மோட்டாரைச் சுற்றுவதிலும் இருக்கிறது.

கீசரை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்தால், அந்த வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி நீராவியாகவும் வெந்நீராகவும் வீணாகப் போகிறது. மிஞ்சியதிலும் கொஞ்சம் கம்பியிலேயே கரைந்துவிடும். அவ்வளவு இழந்து வந்து சேரும் மின்சாரத்தைத் திரும்பவும் வெப்பமாக்கித்தான் வெந்நீர் வைக்கிறோம். ஒரு யூனிட் அனல் மின்சாரத்துக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான நிலக்கரி எரிகிறது, ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மதுரை வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் சாயங்காலம் தானாகவே சுடும். வருஷத்தில் பாதி நாள் கீசர் தேவையே இல்லை. தேவைப்படும் நாளில் குளிக்கப் போகும் பத்து, பதினைந்து நிமிடம் முன்னால் போட்டால் போதும். சோலார் ஹீட்டர் வைக்க மாடியில் இடமிருந்தால் இன்னும் நல்லது.

அந்த நிலக்கரி எங்கே எரிகிறது என்று கம்பியைப் பார்த்தால் தெரியாது. எண்ணூரில் போய்ப் பார்த்தால் தெரியும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் சேறு படிந்த கதை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த மக்களின் ஆறு அது. செப்பாக்கம் கிராமம் அந்த நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டி இருக்கிறது. 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கத்துக்காக வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் பொக்லைன் இறங்கிக் கால்வாய் வெட்டியதைப் பார்த்திருப்பீர்கள். 'பூமிக்குப் பயன் உண்டா' என்று கேட்டீர்கள். பூமி என்று நான் முதலில் நினைப்பது இந்த ஊர்களைத்தான்.

ஏசிக்கு வருகிறேன். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று பிஇஇ சொல்கிறது. நட்சத்திரக் குறி கொடுக்கும் மத்திய அரசு அமைப்பு அது. 20-ல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொள்ளும் வழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. 26-ல் வைத்து மேலே ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள், உடம்புக்கு இதமாக இருக்கும். அந்த ஃபேன் பழசாக இருந்தால் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும். தினம் பதினைந்து மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினாலே இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் குறையும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம், ஹால் ஃபேனில் தொடங்குங்கள். கழற்றியே ஆக வேண்டும் என்றால் செட்டாப் பாக்ஸைக் கழற்றுங்கள். ரிமோட்டில் அணைத்தாலும் பல பாக்ஸ்கள் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். பத்து வாட் என்று வைத்தாலும் ஒரு பில்லுக்கு 14 யூனிட்.

மோட்டாரைப் பகலில் போடுங்கள், வாஷிங் மெஷினையும்தான். பெரிதாக யாரும் பேசாத விஷயம் இது. உச்சி வெயிலில் நம் மாநிலத்தில் சூரிய மின்சாரம் தாராளமாக வருகிறது. இருட்டியதும் அது நின்றுவிடும், ஆனால் அப்போதுதான் வீடுகளில் ஏசி ஓடத் தொடங்குகிறது. ஆடிக் காற்று வீசும் மாதங்களில் முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் கொஞ்சம் கைகொடுக்கும். மற்ற மாதங்களில் ராத்திரித் தேவையில் பெரும்பகுதி நிலக்கரியின் தலையில்தான். 2024 மே மாதத்தில் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. மீட்டரில் பகல் யூனிட்டும் ராத்திரி யூனிட்டும் ஒன்றுதான், புகைபோக்கிக்கு இரண்டும் ஒன்றல்ல.

எது எவ்வளவு இழுக்கிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உங்கள் மீட்டரே சொல்லும். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மின்னும் என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கும், பெரும்பாலும் 3200. அந்தக் கணக்குப்படி நொடிக்கு ஒரு தடவை மின்னினால் வீடு அப்போது சுமார் 1100 வாட் இழுக்கிறது, பதினொரு நொடிக்கு ஒரு தடவை என்றால் 100 வாட். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வந்து பாருங்கள். அப்படியும் மின்னிக்கொண்டிருந்தால் எதுவோ ஓடுகிறது. அப்புறம் ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிவிட்டு விளக்கு மின்னுவதை எண்ணுங்கள். ஃப்ரிட்ஜையும் இப்படிச் சோதிக்கலாம். கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்தால் பிடிமானமில்லாமல் வருகிறதா? ரப்பர் போய்விட்டது, மாற்றுங்கள்.

500-ஐத் தாண்டியது பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கோட்டைத் தாண்டினால் விலை அட்டவணையே மாறுகிறது. கோட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் சலுகை போய்விடும். அதனால்தான் பத்து யூனிட் கூடினாலும் பில் ஒரேயடியாக எகிறுகிறது. கீசர் ஒன்றை ஒழுங்குபடுத்தினாலே நீங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடலாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு வருத்தம் தந்தது சமையலறை வரிதான். அடுப்பு எரியும் அறையில் ஃபேன் இல்லாமல் நிற்காதீர்கள். தினம் மூன்று மணி நேரம் ஓடினாலும் பழைய ஃபேனுக்கே ஒரு பில்லில் 14 யூனிட்டுக்கு மேல் போகாது. நம் வீடுகளில் சிக்கனம் என்று வந்தால் முதலில் அம்மாக்களின் சௌகரியம்தான் வெட்டுப்படுகிறது. படுக்கையறையில் ஏசி 20-ல் ஓடும், சமையலறையில் ஒருவர் வேர்த்து ஊற்றி நிற்பார். இது நியாயமில்லை. இதைச் சுற்றுச்சூழலின் பெயரால் செய்வது எனக்குத் துளியும் சம்மதமில்லை.

மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது. மண்டபங்களும் கடைகளும் கொட்டி எரிப்பதற்கு அரசு கணக்குக் கேட்க வேண்டும், நாமும் கேட்க வேண்டும். ஆனால் ராத்திரியில் ஏறும் தேவையில் வீட்டு ஏசிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் இரண்டு உங்கள் வீட்டில் ஓடுகின்றன. ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, அவர் கையில்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. அவரிடம் இதைப் படிக்கக் கொடுங்கள். மொட்டை மாடி உங்களுடையது என்றால் அவருக்கு ஒரு வேலையும் இருக்கிறது. பகல் முழுக்க வெயிலைக் குடித்த தளம் ராத்திரி முழுக்க அதைக் கீழே இறக்குகிறது, ஏசி பாதி நேரம் அதோடுதான் மல்லுக்கட்டுகிறது. தளத்தைக் கழுவிக் காய விட்டு, கிளிஞ்சல் சுண்ணாம்பில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு கை அடிக்கச் சொல்லுங்கள். வெள்ளைத் தளம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மழையில் கரையும், அடுத்த வருஷம் திரும்ப அடிக்க வேண்டும். பங்குனி பிறப்பதற்குள் முடித்துவிட்டால் சித்திரையில் எந்த அறை எவ்வளவு மாறியது என்று எனக்கு எழுதுங்கள்.