முகட்டில் ஒரு நீண்ட நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மலைக்குடில்களில் இரவு தங்கி, ஒரு குடிலிலிருந்து அடுத்த குடிலுக்கு என ஒரு வாரம் நடப்பதற்கு நண்பர்கள் நால்வர் திட்டமிட்டிருக்கிறோம். மூன்றாம் நாள் பாதை பெரும்பாலும் முகட்டின் மேலேயே செல்கிறது: 14 கிலோமீட்டர் தொலைவு, 1,200 மீட்டர் ஏற்றம், 900 மீட்டர் இறக்கம். பிற்பகலில் இடியுடன் மழை பெய்யலாம் என்று முன்னறிவிப்பு வந்தால், அன்று புறப்படலாமா?

பதில்: முதலில் அந்த நடைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைக் கணக்கிடுங்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் வகுத்த விதி, மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர் என்றும், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல் என்றும் சொல்கிறது. அதன்படி உங்கள் பாதைக்கு ஐந்து மணி நேரம்கூட ஆகாது. ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் வழங்கும் கணக்கு இதைவிட நிதானமானது: மணிக்கு 300 மீட்டர் ஏற்றம், 500 மீட்டர் இறக்கம், 4 கிலோமீட்டர் தொலைவு என்று வைத்துக்கொண்டு, ஏற்ற இறக்கத்துக்கான நேரத்தையும் தொலைவுக்கான நேரத்தையும் தனித்தனியே கண்டு, பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஏழரை மணி நேரம் வருகிறது; ஓய்வையும் சேர்த்தால் ஒன்பது மணி நேரம். முதுகில் பையுடன், பாறைகள் நிறைந்த முகட்டில் நடப்பவர்கள் இந்த இரண்டாவது கணக்கையே நம்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, அந்த இடிமழை எவ்வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள். கோடையில் வெயில் சரிவுகளைச் சூடாக்க, ஈரக்காற்று மேலெழும்பி, நண்பகலுக்குப் பிறகு முகில் திரண்டு கொட்டுவது ஒரு வகை. காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு இரண்டரைக்குள் குடிலை அடைபவர்கள் பெரும்பாலும் இதற்குத் தப்பிவிடலாம். எட்டு மணிக்குப் புறப்படுபவர்கள் அதன் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். குளிர்ந்த காற்றுத்திரள் ஒன்று பெரும்பரப்பில் நகர்ந்து வருவதால் உண்டாகும் மழை வேறு வகை. அது நள்ளிரவிலும் வரும், காலை ஒன்பது மணிக்கும் வரும். அதற்கு முன் சீக்கிரம் எழுந்திருப்பதால் பயனில்லை. அந்த நாளில் முகட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்கு வழியாக அடுத்த குடிலுக்குச் செல்லுங்கள், அல்லது இருக்கும் இடத்திலேயே தங்கிவிடுங்கள். காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் கடிகாரம் உங்களிடம் இருந்தால், படுக்கும் முன் அதன் அளவைக் குறித்துவையுங்கள். குடில் இரவில் நகர்வதில்லை. எனவே விடியலில் அது 40 மீட்டர் கூடுதலாகக் காட்டினால், அழுத்தம் ஏறத்தாழ 4 ஹெக்டோபாஸ்கல் விழுந்திருக்கிறது என்று பொருள். அப்போது முன்னறிவிப்பை மீண்டும் கேட்காமல் கிளம்பக் கூடாது.

இவற்றையெல்லாம்விட முக்கியமானதாக நான் கருதுவது, பாதையில் இறங்குவழியே இல்லாத பகுதியின் நீளம். முந்தைய நாள் இரவே வரைபடத்தை விரித்து, முகட்டிலிருந்து பாதுகாப்பாகக் கீழே இறங்கக்கூடிய கணவாய்களைக் குறியுங்கள். இரண்டு கணவாய்களுக்கு இடையே மூன்று மணி நேர நடை இருந்தால், அந்த மூன்று மணி நேரத்துக்கு வானம் தாங்குமா என்பதுதான் முதல் கணவாயில் நின்று நீங்கள் விடை காண வேண்டிய கேள்வி. எத்தனை மணிக்குள் அங்கே வந்து சேராவிட்டால் இறங்கிவிடுவது என்பதையும் இரவே எழுதிவையுங்கள். களைத்து நிற்கும்போது எடுக்கும் முடிவு, அடுத்த குடிலில் பதிவு செய்த படுக்கையின் பக்கமே சாயும். முற்பகலிலேயே முகில்கள் அகலத்தைவிட உயரமாக வளரத் தொடங்கினால், குறித்த நேரம் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். குடில் பொறுப்பாளரிடமும் பேசுங்கள்: எந்தச் சரிவில் பனி இன்னும் உருகவில்லை, எந்த ஓடை மழைக்குப் பின் கடக்க முடியாதபடி பெருகும் என்பவை வரைபடத்தில் இருக்காது.

கேள்வி: முகட்டில் நிற்கும்போதே இடி கேட்கத் தொடங்கிவிட்டால் என்ன செய்வது?

பதில்: இறங்க வேண்டும், உடனே. மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் உங்களை எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. சிகரம், தனி மரம், பாதையோர இரும்புக் கம்பிவடம் ஆகியவற்றை விட்டு விலகுங்கள். மழைக்கு ஒதுங்க வசதியாகத் தோன்றும் ஆழமற்ற பாறைக்குடைவு மின்னலின்போது ஆபத்தானது, ஏனெனில் பாறையின் மேல் ஓடும் மின்சாரம் அதன் வாயில் தாவிக் கடக்கக்கூடும். ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு இறங்கினால், ஒரே மின்னல் எல்லோரையும் வீழ்த்தும் வாய்ப்புக் குறையும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மேலே திரும்பாதீர்கள்.

கேள்வி: கோடையில்தானே போகிறோம், குளிருக்கான உடை அவசியமா?

பதில்: மிக அவசியம். சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை 6.5 பாகை குறைகிறது. 800 மீட்டர் உயரத்துப் பள்ளத்தாக்கில் 22 பாகை இருக்கும்போது, 2,600 மீட்டர் முகட்டில் 10 பாகைதான் இருக்கும். முகில் சூழ்ந்து 5 பாகைக்கு இறங்கி, மணிக்கு 50 கிலோமீட்டர் காற்றும் அடித்தால், உடல் அதை உறைநிலைக்குச் சற்றுக் கீழான குளிராக உணரும். நனைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். உயரம் குறைந்த மலை என்பதும் ஆறுதல் அல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மலை 1,917 மீட்டர்தான். அங்கே 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உடற்சூட்டை உறிஞ்சும் என்பதால் கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடையும், காற்றும் மழையும் புகாத மேற்சட்டையும், கையுறையும் வேண்டும். நடுங்கத் தொடங்கிய பிறகல்ல, காற்று திசை மாறும்போதே அவற்றை அணியுங்கள்.

கேள்வி: மூடுபனியில் வழி தவறாமல் இருப்பது எப்படி?

பதில்: ஏறும்போது கிளை முகடுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து உங்களை உச்சிக்கே கொண்டுசெல்லும், இறங்கும்போது அவையே பிரிந்து பிரிந்து வேறு வேறு பள்ளத்தாக்குகளுக்கு இழுக்கும். ஆகவே இறக்கத்தின் தொடக்கத்தில் நின்று திசைகாட்டியைப் பாருங்கள். பாதையைக் காட்ட அடுக்கிவைத்த கற்குவியல்களில் அடுத்தது கண்ணில் படும்வரை ஒருவர் முந்தைய கற்குவியலருகே நிற்கட்டும். குழுவைப் பிரிக்கவே வேண்டாம். மெதுவாக நடப்பவரின் வேகமே அன்றைய வேகம். யாரேனும் அடிபட்டால், நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி அல்லது விளக்கைக் காட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் தொடங்குவது ஆல்ப்ஸில் ஏற்கப்பட்ட அபாய அறிவிப்பு. அதற்கு நிமிடத்துக்கு மூன்று முறை பதில் வரும்.

குடிலை விட்டுப் புறப்படும்போது அங்குள்ள பதிவேட்டில் உங்கள் அடுத்த இடத்தையும் பாதையையும் எழுதுங்கள். வழி மாறிப் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டால், உங்களை எதிர்பார்த்திருக்கும் குடிலுக்கு அன்று மாலையே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், மீட்புக் குழுவினர் அதே இடிமழையில் உங்களைத் தேடி முகட்டுக்குச் செல்ல நேரிடும்.