வீட்டில் ஒருவருக்குக் காசநோய்: இருமல் இல்லாதவர்களுக்கும் எக்ஸ்ரே எதற்கு?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். அப்பாவுக்குக் காசநோய் என்று போன வாரம் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டோம். இப்போது வீட்டில் எல்லோரும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்கிறார் செவிலியர். யாருக்கும் இருமல் இல்லையே? தங்கைக்கு வரன் பார்க்கும் நேரம், ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம்.

பதில்: முதலில் அந்தத் தட்டைப் பழைய இடத்திலேயே வையுங்கள். காசநோய் சோற்றில் பரவாது, காற்றில்தான் பரவும். சரியான மருந்து உள்ளே போனதும் பரவுவது வேகமாகக் குறைந்துவிடும். அப்பாவிடமிருந்து யாருக்காவது தொற்றியிருந்தால், நோய் என்றே தெரியாமல் அவர் இருமிக்கொண்டிருந்த நாட்களில்தான் பெரும்பாலும் தொற்றியிருக்கும். 1950களின் கடைசியில் சென்னையில் நடந்த ஆய்வு இதைக் காட்டியது. நோயாளியை சானடோரியத்துக்கு (காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் மருத்துவமனைக்கு) அனுப்பிய குடும்பங்களைவிட, வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்த குடும்பங்களில் மற்றவர்களுக்கு நோய் அதிகம் வரவில்லை. ஒதுக்கி வைத்துப் பயனில்லை, தேடிப் பார்க்க வேண்டும்.

இருமல் இல்லை என்று விட்டுவிட முடியாது. 2019–21 தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில் நோய் இருப்பதாகக் கண்டுபிடித்தவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல், எக்ஸ்ரே எடுக்காவிட்டால் விட்டுப்போயிருப்பார்கள். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் சளி கேட்பார்கள். காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, நெஞ்சிலிருந்து இருமி எடுங்கள். கெட்டியாக வரவேண்டும். கூச்சப்பட்டுக்கொண்டு நுரைநுரையாக எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு, ‘ஒன்றும் இல்லை’ என்ற முடிவோடு திரும்பிப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

வீட்டோடு முடிந்துவிடாது. மார்கழிப் பனிக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அவரோடு ஒரே அறையில் படுத்த உறவினர்கள், நாற்றுப் பறிக்க ஒரே வேனில் நெருக்கியடித்து உட்கார்ந்து போனவர்கள், எல்லோரையும் யோசித்துச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் தள்ளிப்போடவே கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு இருமலே வராமல் எடை மட்டும் ஏறாமல் நிற்கலாம்.

நோய் இல்லை என்று உறுதியானதும் தடுப்பு மாத்திரை தருவார்கள்: வாரம் ஒருமுறை 12 வாரம், அல்லது தினமும் 6 மாதம். வாராந்திர மாத்திரையில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதீர்கள். கல்லீரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஊர் பயம். செவிலியர் வாசலுக்கு வருவது சங்கடமாக இருந்தால் அவரிடமே சொல்லிவிட்டு, நீங்களாக அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். வேனில் வந்தவர்களைப் பார்க்கும்போது அப்பா பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தங்கையையும் இந்த வாரமே கூட்டிப் போங்கள். வரன் பார்ப்பது அதுபாட்டுக்கு நடக்கட்டும்.