முகமில்லாத நெசவாளர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் எடுக்கிறேன். தொழிற்புரட்சிப் பாடத்துக்காக வகுப்பில் இருக்கும் திரையில் ஒரு வீடியோ போட்டேன். பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள். முடிந்ததும் கேள்வி கேட்டால், "நல்லா இருந்துச்சு டீச்சர்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. எங்கள் மூத்த ஆசிரியர், "படம் காட்டினா கற்பனை செத்துப்போகும்மா, வாசிச்சுக் காட்டு, மனசுக்குள்ள அதுங்களே பார்த்துக்கும்" என்கிறார். அவர் சொல்வது சரிதானா?

க.

அன்புள்ள க.,

அந்த வீடியோவைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. இயந்திரம், புகை, பின்னணி இசை, விளக்கம் சொல்லும் குரல் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. பிள்ளை செய்வதற்கு ஒரு வேலையும் மிச்சமில்லை. ஆனால் எல்லாப் படங்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. கற்பிப்பதற்கென்று யோசித்துச் செய்த படம் முக்கால்வாசியை விட்டுவிடும். மிச்சத்தை அருகருகே வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். பேச வேண்டியது பார்ப்பவர்தான். உங்கள் தொழிற்புரட்சிப் பாடத்துக்கே அப்படித் தாளில் வரைந்த ஒரு படம் இருக்கிறது.

அதைச் செய்தவர்கள் ஓட்டோ நியூராத்தும் அவரோடு வேலை செய்தவர்களும். முதல் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் நகராட்சி சமூக ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. தொழிலாளர்களுக்கு ஆயிரக்கணக்கில் வீடு கட்டினார்கள். வரிப்பணம் எதற்குப் போகிறது, நோய் குறைகிறதா கூடுகிறதா என்பதற்கெல்லாம் புள்ளிவிவரம் இருந்தது. ஆனால் அட்டவணை படித்துப் பழகாதவர்களுக்கு அது எட்டவில்லை. பொருளியலாளரும் தத்துவவாதியுமான நியூராத் 1925இல் அங்கே சமூக, பொருளாதார அருங்காட்சியகம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே பார்க்க வேண்டியவை விளக்கப்படங்கள். எண்களைச் சிறு உருவங்களாக அடுக்கிக் காட்டும், பின்னாளில் ஐசோடைப் என்று பெயர் பெற்ற முறை அங்கேதான் உருவானது.

அதன் முதல் விதி எளியது. ஒன்று இரண்டு மடங்கானால் படத்தைப் பெரிதாக்கக் கூடாது; அதே அளவுப் படத்தை இரண்டு முறை போட வேண்டும். ஒரு மனித உருவத்தின் உயரத்தை இரட்டித்தால் அகலமும் கூடவே இரட்டிக்கும், தாளில் அது அடைக்கும் இடம் நான்கு மடங்காகிவிடும். எண் ஒன்று சொல்லும், கண் வேறொன்று பார்க்கும். இந்தத் தவறை இன்றைய செய்தித்தாள்களிலும் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

இனி அந்தப் படம். 1820 முதல் 1880 வரை இங்கிலாந்தின் நெசவு. மேலிருந்து கீழாக ஆண்டுகள். ஒரு கறுப்பு உருவம் என்றால் வீட்டுத் தறியில் நெய்யும் 10,000 பேர், ஒரு சிவப்பு உருவம் என்றால் ஆலையில் நெய்யும் 10,000 பேர். பக்கத்தில் நீல நிறத்தில் உற்பத்தியின் அளவு. முதல் வரிசையில் கறுப்பு ஆட்கள் நீளமாக நிற்கிறார்கள், சிவப்பு ஒன்றே ஒன்று. கீழே வர வரக் கறுப்பு குறைந்து சிவப்பு கூடுகிறது. கடைசி வரிசையில் கறுப்பே இல்லை. தலைகளை எண்ணினால் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் பெரிய வித்தியாசமில்லை. நீலம் மட்டும் பல மடங்கு ஏறியிருக்கிறது.

இதைப் பார்க்கும் பிள்ளைக்குக் கேள்வி வராமல் இருக்காது. கறுப்பு ஆட்கள் எங்கே போனார்கள்? அவர்களேதான் சிவப்பு ஆனார்களா? இவ்வளவு துணியை யார் வாங்கினார்கள்? கடைசிக் கேள்விக்கான பதில் நம் வீட்டு வாசலில் இருக்கிறது: பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், இங்கிலாந்தின் ஆலைப் பகுதியான லங்காஷயரின் துணிக்கு மிகப் பெரிய சந்தை இந்தியாதான். நம் நெசவாளர் தெருக்களின் கதை அங்கிருந்து தொடங்கும். இரண்டாவது கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. விசைத்தறிகளில் பெரும்பாலும் பெண்களையும் இளையவர்களையும் வைத்தார்கள். வீட்டில் நெய்தவர் கூலி சரியச் சரிய வீட்டிலேயே கிடந்தார். ஒரே அச்சில் வார்த்த உருவங்கள் இதைச் சொல்லாது. உங்கள் மூத்த ஆசிரியர் வாசித்துக் காட்ட வேண்டிய இடம் இதுதான். கேள்வி எழுந்த பிறகு வாசித்தால் பிள்ளைகள் காது கொடுப்பார்கள்.

இந்த உருவங்களைச் செதுக்கியவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஜெர்மானிய ஓவியர். லினோலியம் என்ற தரைவிரிப்புப் பொருளில் வெட்டி அச்சடித்தார். கண் மூக்கு கிடையாது. அதனால்தான் பிள்ளை அதில் தன் தாத்தாவை நிறுத்திப் பார்க்க முடிகிறது என்று நினைக்கிறேன். ஆனால் என் மனதில் இவர்களில் பெரியவர் மேரி ரைடமைஸ்டர், பின்னாளில் மேரி நியூராத். நிபுணர்கள் தரும் தகவல் குவியலை உட்கார்ந்து படித்து, எதை எடுப்பது, எதை விடுவது, எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று முடிவு செய்து, ஓவியருக்குக் கரட்டுப் படம் போட்டுத் தருவது அவர் வேலை. நம் பாடநூல்களைப் புரட்டும்போது அந்த நாற்காலி காலியாக இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

1934இல் அவர்கள் வியன்னாவை விட்டு நெதர்லாந்தின் ஹேக் நகருக்குப் போனார்கள். 1940இல் ஜெர்மன் படை நெருங்கியபோது நியூராத்தும் மேரியும் படகேறி இங்கிலாந்து போனார்கள். நியூராத் 1945இல் இறந்த பிறகும் மேரி விடவில்லை. குழந்தைகளுக்கு அறிவியல் நூல்கள் செய்தார். 1950களில் மேற்கு நைஜீரிய அரசுக்காகக் கல்வி, சுகாதாரம் பற்றிய விளக்கப்படங்கள் செய்தபோது வியன்னா உருவங்களை அப்படியே கொண்டுபோய் ஒட்டவில்லை. உடை, வீடு எல்லாம் அந்த ஊருக்கு ஏற்றபடி மாறின. சொற்கள் பிரிக்கும், படங்கள் சேர்க்கும் என்று நியூராத் நம்பினார். அதை நான் முழுதாக ஏற்கவில்லை. படமும் ஊர் கேட்கும்.

நீங்கள் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் பள்ளியின் பழைய வருகைப் பதிவேடுகளிலிருந்து பத்தாண்டுக்கு ஒரு முறை ஆண், பெண் எண்ணிக்கையை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஓர் உருவம் எத்தனை பேர், எந்த நிறம், எந்த வரிசை என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். சண்டை வரும், வரட்டும். எதை விட்டோம் என்று ஒவ்வொரு குழுவும் எழுந்து சொல்லட்டும். திரையை அன்றைக்கு அணைத்து வையுங்கள். மூத்த ஆசிரியரையும் வகுப்புக்குக் கூப்பிடுங்கள்; அந்தப் பதிவேட்டில் உள்ள பழைய பெயர்களைப் பற்றி அவருக்கு நிறையத் தெரிந்திருக்கும். வரைந்தவற்றைப் படம் எடுத்து அனுப்பினால் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.