ஊகப் புனைவு என்றால் என்ன? சமூகநீதி பேச அது எதற்கு?

'இப்படி இருந்தால் என்னாகும்?' என்று கேட்டு, உலகத்தையே மாற்றிக் கட்டும் கதைதான் ஊகப் புனைவு. பழகிப்போன அநீதி நம் கண்ணில் படுவதில்லை. சட்டையை உள்வெளியாகத் திருப்பினால்தானே தையல் தெரிகிறது? அந்த வேலையைத்தான் இது செய்கிறது.

யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது வங்காள எழுத்தாளர் பேகம் ரொக்கேயாவின் 'சுல்தானாவின் கனவு'. 1905இல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆங்கில மகளிர் இதழில் வெளியான சிறுகதை (நம் ஊரில் வந்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி). அதில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். பெண்கள் வெயிலின் சூட்டைச் சேமித்துச் சமைக்கிறார்கள், அதே சூட்டால் எதிரிப் படையையும் விரட்டுகிறார்கள். தெருவில் கூசி நடக்கும் சுல்தானாவைப் பார்த்து, ஆண்களைப் போலக் கூச்சப்படுகிறாளே என்று பெண்கள் சிரிக்கிறார்கள். அந்த ஓர் இடத்துக்காகவே படிக்கலாம்.

அடுத்தது அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' (1979). கலிஃபோர்னியாவில் 1976இல் வாழும் கறுப்பினப் பெண் டானா, அடிமைமுறைக் கால மேரிலாந்துக்குத் திரும்பத் திரும்ப இழுக்கப்படுகிறாள். கனமான நாவல், சிறுவர்களுக்குக் கொடுக்கும் முன் நீங்கள் படித்துவிடுங்கள்.

ஊகப் புனைவு என்றாலே ராக்கெட்டும் ரோபோவும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். டானாவின் பயணத்துக்கு ஓர் எந்திரம்கூடக் கிடையாது.