ஆள் எடுக்கும் இங்கிலீஷ்: கேளுங்கள், சொல்கிறேன்

ஆந்திர எல்லையில் இருக்கிற ஸ்ரீசிட்டி தொழில் நகரத்துப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது என் வேலை. இன்டர்வியூ இங்கிலீஷ் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

சத்தியவேடு, டிப்ளமோ முடித்தவர்: அக்கா, "ஐ கேவ் அன் இன்டர்வியூ" என்றேன், நண்பன் சிரிக்கிறான். தப்பா?

இந்தியா முழுக்க அப்படிப் பேசுகிறோம், இங்கே யாருக்கும் புரியாமல் போகாது. ஆனால் வெளிநாட்டு மேனேஜர் காதில், நீங்கள் ஏதோ நடிகர் மாதிரி டிவிக்குப் பேட்டி கொடுத்ததாக விழும். வேலைக்குப் போனவர் "ஐ ஹேட் அன் இன்டர்வியூ" அல்லது "அட்டெண்டட்" என்றால் போதும். கேள்வி கேட்கிற நாங்கள்தான் இன்டர்வியூவை "கண்டக்ட்" பண்ணுகிறோம்.

மேசைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பார்த்தாலே பாதி சரியாகிவிடும். வேலையை "அட்வர்டைஸ்" பண்ணுவது, வந்த பயோடேட்டாவில் சிலரை "ஷார்ட்லிஸ்ட்" பண்ணுவது, "மேக் அன் ஆஃபர்" எல்லாம் கம்பெனி பக்கம். அந்த ஆஃபரை "அக்செப்ட்" பண்ணுவதும் "டர்ன் டவுன்" பண்ணுவதும் உங்கள் பக்கம். "ரிஜெக்ட்" என்றாலும் தப்பில்லை, கொஞ்சம் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். "டிக்ளைன்" இன்னும் மரியாதை.

ஆரம்பாக்கம்: "அப்ளைட் தி ஜாப்" சரியா மேடம்?

இல்லை. வேலை என்றால் "அப்ளைட் ஃபார்", கம்பெனி என்றால் "அப்ளைட் டு".

தடா: "ஐ ஜாய்ன்ட் இன் தி கம்பெனி" என்றுதானே எல்லோரும் எழுதுகிறார்கள்?

எழுதுகிறார்கள், நானும் தினமும் படிக்கிறேன்! 'கம்பெனியில் சேர்ந்தேன்' என்பதில் உள்ள 'இல்' அங்கே 'இன்' ஆகிவிடுகிறது. "ஜாய்ன்ட் தி கம்பெனி", அவ்வளவுதான். அப்புறம், "பாஸ்ட் அவுட் இன் 2022" என்பதையும் விட்டுவிடுங்கள். பிரிட்டன், அமெரிக்காக்காரர்களுக்கு அது மயங்கி விழுந்த கதை. "கம்ப்ளீட்டட் மை டிப்ளமோ இன் 2022" என்று எழுதுங்கள்.

கும்மிடிப்பூண்டி: வேலையை விடப்போகிறேன். "பேப்பர் போட்டேன்" என்பதை எப்படிச் சொல்வது?

"ஹேண்டட் இன் மை நோட்டீஸ்". அதன் பிறகு இருக்கிற நாட்களுக்கு "சர்விங் மை நோட்டீஸ் பீரியட்". ஜெயில் தண்டனைக்கும் இதே "சர்வ்"தான், பொருத்தம் பாருங்கள்.

சூலூர்பேட்டை: அண்ணனை "லே-ஆஃப்" பண்ணிவிட்டார்கள். "ஃபயர்ட்" என்று சொல்லலாமா அக்கா?

வேண்டாம். "ஃபயர்ட்" என்றால் அவர் ஏதோ தப்பு செய்ததாக அர்த்தம் வந்துவிடும், அடுத்த இன்டர்வியூவில் அதையே நோண்டுவார்கள். "வாஸ் லெய்ட் ஆஃப்" என்றால் கம்பெனியில் வேலை குறைந்துவிட்டது என்று புரிந்துகொள்வார்கள். இன்னொன்று: வெளிநாட்டுச் செய்திகளில் வேலையே போவதைத்தான் லே-ஆஃப் என்கிறார்கள், நம் தொழிலாளர் சட்டத்தில் அது தற்காலிகமாக வேலை தராமல் நிறுத்திவைப்பது. ஆட்குறைப்பாக ஒரேயடியாக அனுப்பினால் அதற்குப் பெயர் "ரெட்ரென்ச்மென்ட்". இரண்டுக்கும் இழப்பீட்டுக் கணக்கு வேறு வேறு. அண்ணன் கையில் இருக்கிற கடிதத்தில் எந்த வார்த்தை இருக்கிறது என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள்.